சிறார் மாயக்கதைகளைத் திரைக்கதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைக்கதை எழுத வரும் புதியவர்கள் பலர், சிறுவயதில் தாங்கள் விரும்பிப் படித்த ஒரு பெரிய மாயப் புனைகதையையே முதல் முயற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வரைவுகளில், நானும் என் தலைமுறையினரும் தொடக்கத்தில் செய்த பிழைகள் அதே இடங்களில் திரும்ப வருகின்றன. காட்சித் தலைப்பை எழுதும் முறை, வசனத்தின் நீளம் போன்றவற்றைப் பயிற்சியே சரிசெய்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பெரிய நிறுவனங்களின் படங்களிலும் நேர்ந்த, படம் வெளியான பிறகு திருத்த முடியாத தவறுகளைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

முன்னுரைக் குரலில் உலகத்தை விளக்குவது

பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) நாவலில், ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் 'டீமன்' என்னும் விலங்கு வடிவில் அவரோடு கூடவே நடமாடுகிறது. நாவல் இதை விளக்கிவிட்டுத் தொடங்குவதில்லை. லைரா என்ற சிறுமியும் அவளுடைய டீமனும், இருட்டத் தொடங்கிய உணவுக்கூடத்தில் யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நடந்துபோகிறார்கள். ஒழுங்காக நடந்துகொள் என்று டீமன் கடிந்துகொள்கிறது. அவள் கேட்பதாக இல்லை. இவ்வளவிலேயே வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. இந்த நாவலிலிருந்து 2007-ல் எடுக்கப்பட்ட 'தி கோல்டன் காம்பஸ்' படமோ, டீமன் என்றால் என்ன என்பதை முதலிலேயே ஒரு குரலைக்கொண்டு சொல்லவைத்துவிடுகிறது. குழந்தைகள் தாமாகக் கண்டுபிடிக்கும் இன்பத்தை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

பக்கங்களை எண்ணிக் காட்சிகளைப் பங்கிடுவது

ஹாரி பாட்டர் வரிசையின் மிக நீளமான புத்தகம் ஐந்தாவது. அதன் படம் 138 நிமிடங்களில் முடிகிறது. அதைவிட மிகச் சிறிய இரண்டாம் புத்தகத்தின் படமோ 161 நிமிடங்கள் ஓடுகிறது. நாவலின் பருமனுக்கும் படத்தின் நீளத்துக்கும் தொடர்பில்லை. எந்த ஓர் இழையைப் பின்தொடர்கிறோம் என்பதே நீளத்தை முடிவுசெய்கிறது. வரிசை நாவல்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: ஐந்தாம் படத்திலிருந்து கிரீச்சர் என்னும் வேலையாளை நீக்க நினைத்தபோது, பின்னால் அவன் தேவைப்படுவான் என்று நாவலாசிரியரே சொல்லி அவனை இருக்கச் செய்தார்.

வயதைக் கூட்டுவது

ரிக் ரியோர்டன் எழுதிய நாவல் வரிசையின் நாயகன் பெர்சி ஜாக்சன், முதல் நாவலில் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 2010-ல் வந்த படத்திலோ பதின்பருவ இளைஞன். நாவல் வரிசையை இழுத்துச்செல்லும் தீர்க்கதரிசனம் அவனுடைய பதினாறாம் வயதைக் குறிவைப்பது என்பதால், 2013-ல் வந்த இரண்டாம் படத்தில் அந்த வயதை இருபதாக மாற்ற வேண்டியதாயிற்று.

விலை கொடுக்கும் முடிவை அடுத்த பாகத்துக்குத் தள்ளுவது

எத்தனை வரைவுகளைப் படித்தாலும் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

மீண்டும் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலுக்கே வருகிறேன். கடத்தப்பட்ட தோழன் ரோஜரை மீட்பதற்காகவே லைரா வடதுருவத்தை நோக்கிப் போகிறாள்; மீட்டும்விடுகிறாள். பிறகு, தன்னிடமுள்ள உண்மை காட்டும் கருவி தன் தந்தை அஸ்ரியல் பிரபுவுக்குத் தேவை என்று நம்பி, ரோஜரையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்கிறாள். வாசலில் அவளைக் கண்டதும் அஸ்ரியல் பதறி, திரும்பிப் போ என்று கத்துகிறார். அவளோடு இன்னொரு குழந்தை நிற்பதைக் கண்ட பிறகே அமைதியடைகிறார். அதன் காரணம் பின்னரே தெரிகிறது. ஒரு குழந்தையை அதன் டீமனிலிருந்து பிரிக்கும்போது வெளிப்படும் ஆற்றலால் வேற்றுலகத்துக்கு வழி திறப்பது அவருடைய திட்டம். அவருக்கு வேண்டியிருந்தது கருவியல்ல, ஒரு குழந்தை. ரோஜர் இறந்துபோகிறான். காப்பாற்றப் போனவளே அவனைக் கொலைக்களத்துக்கு அழைத்து வந்துவிட்டாள் என்பதுதான் 23 அத்தியாயங்கள் சென்று சேரும் இடம்.

இந்தக் கடைசி மூன்று அத்தியாயங்களுக்கான காட்சிகளைப் படமாக்கியும், அடுத்த படத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வெளியீட்டுக்கு முன் எடுத்துவிட்டார்கள். லைராவும் ரோஜரும் நம்பிக்கையோடு வானில் பறப்பதுடன் படம் நின்றுவிடுகிறது. சுமார் 18 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம், வெளிநாடுகளில் நன்றாக ஓடியபோதிலும், அமெரிக்காவில் ஏறத்தாழ 7 கோடி டாலரே ஈட்டியது. அடுத்த படம் வரவே இல்லை. மத அமைப்புகளின் எதிர்ப்பு உள்ளிட்ட பல காரணங்கள் இருந்தன. வெட்டப்பட்ட முடிவு மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரோஜரின் மரணம் இல்லாத கதையில் எஞ்சுபவை கரடிச் சண்டையும் பலூன் பயணமும் மட்டுமே என்பதை, நாவலைப் படித்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

மிகாயேல் எண்டேயின் 'நெவர் எண்டிங் ஸ்டோரி'க்கும் இதே கதிதான். 1979-ல் வெளிவந்த அந்த ஜெர்மன் நாவலின் பின்பாதியில், சிறுவன் பாஸ்டியனின் ஒவ்வொரு விருப்பமும் நிறைவேறும்போது அவன் நினைவுகளில் ஒன்று அழிகிறது. 1984-ல் வந்த படம் முன்பாதியோடு நின்றுகொண்டு, பறவைபோல் பறக்கும் டிராகன்மேல் ஏறிக்கொண்டு தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்தும் பாஸ்டியனை நமக்குக் காட்டுகிறது. விருப்பங்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கொடுக்கும் விலை இல்லை. எண்டே தன் பெயரை நீக்கச் சொன்னார். வழக்குத் தொடுத்துத் தோற்றார்.

"குழந்தைகள் அழுதுகொண்டே வெளியே போனால் படம் ஓடாது, சார். அதனால் அந்தச் சாவை இரண்டாம் பாகத்தில் வைத்திருக்கிறேன்" என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். முதல் பாகத்துக்கே தயாரிப்பாளர் கிடைக்காத நிலையில் அவர் இரண்டாம் பாகத்தை நம்பியிருந்தார். 'தி கோல்டன் காம்பஸ்' வெளியான அதே 2007-ல்தான், மையப் பாத்திரமான சிறுமியின் மரணத்தை மாற்றாமல் வைத்துக்கொண்ட 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு நல்ல வசூலைக் கண்டது. அதன் திரைக்கதையை எழுதியவர்களுள் ஒருவர் நாவலாசிரியரின் மகன் என்பதும் அந்த உறுதிக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கடைசி அத்தியாயத்துக்குரிய காட்சியை முதலில் எழுதுங்கள். அதில் நாயகனோ நாயகியோ எதை இழக்கிறார்கள் என்பதை ஒரு வரியில் குறித்துக்கொண்டு, அந்த இழப்பு வலிப்பதற்கு எந்தெந்தக் காட்சிகள் முன்னால் வர வேண்டுமோ அவற்றை மட்டும் நாவலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

துணைப்பாத்திரங்கள் அத்தனை பேரையும் வைத்துக்கொள்வது

ஒரே வேலையைச் செய்யும் மூவரை ஒருவராக்கிவிடுங்கள்.

எல்லாம் கனவு என்று முடிப்பது

வேண்டாம்.

இரண்டு படமாகப் பிரிக்கையில் தவறான இடத்தில் வெட்டுவது

பிரித்தே தீர வேண்டுமென்றால், பக்கக் கணக்கில் நடுவைத் தேடாமல், ஓர் இழப்பு முழுமையடையும் இடத்தைத் தேடுங்கள். ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நாவலான 'டெத்லி ஹாலோஸ்' இரண்டு படமானபோது, அதன் முதல் பாகம் (2010) ஹாரியின் நண்பனான டாபி என்னும் குட்டிப் பூதத்தின் சாவையும் அடக்கத்தையும் காட்டி, எதிரியின் கைக்கு மந்திரக்கோல் போய்ச் சேர்ந்த பிறகே முடிகிறது. இரண்டாம் பாகத்துக்காக எட்டு மாதம் காத்திருந்த பார்வையாளர், முதல் பாகத்தில் கதை நடந்து முடியவில்லை என்று குறைசொல்ல இடமில்லாமல் போனது.