டர்ன்டேபிளை உடையாமல் பார்சல் அனுப்புவது எப்படி?

நான் விற்ற முதல் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓடவிடும் கருவி) போய்ச் சேர்ந்தபோது டோன் ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, வளைந்து, மூடி விரிசல் விட்டிருந்தது. அட்டைப்பெட்டியிலோ ஒரு நசுங்கல்கூட இல்லை. நான் கழற்றாமல் விட்ட பிளாட்டர், அதாவது இசைத்தட்டை வைக்கும் சுழலும் வட்டு, உள்ளேயே மோதி மோதி எல்லாவற்றையும் உடைத்திருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் ஓடவிட்டு வீடியோ எடுங்கள், சீரியல் எண்ணோடு சேர்த்து.

அடுத்தது பிளாட்டர். பெரும்பாலான டர்ன்டேபிள்களில் அது தன் எடையால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. பெட்டி தலைகீழானால் கழன்றுவிடும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் ரப்பர் மேட்டோடு சேர்த்து அது சுமார் 2 கிலோ. அத்தனை எடை டோன் ஆர்ம் மேல் விழுந்தால் என்ன ஆகும்! நேராக மேலே தூக்கி எடுங்கள். மோட்டார் ரப்பர் பெல்ட்டால் பிளாட்டரைச் சுழற்றும் பெல்ட் டிரைவ் என்றால் பெல்ட்டையும் கழற்றி ஒரு கவரில் போடுங்கள். பிளாட்டரைத் தனியாகச் சுற்றிப் பெட்டியின் அடியில் படுக்க வையுங்கள். மேலே வைத்தால் கழற்றியதே வீண். ஸ்பிரிங்கில் மிதக்கும் மாடல்களுக்குப் ஆடாமல் பிடிக்கும் போக்குவரத்துத் திருகுகள் இருந்தால், அவற்றையும் முடுக்குங்கள்.

டோன் ஆர்மின் பின்முனையில் இருக்கும் எடையான கவுன்டர்வெயிட், முன்முனையில் ஊசியைப் பிடிக்கும் ஹெட்ஷெல் இரண்டையும் கழற்றி, ஊசிக்கு மூடி மாட்டுங்கள். டோன் ஆர்மை அதன் தாங்கியில் வைத்துக் கட்ட, பவர் கார்டைச் சுற்றி வருமே, பிளாஸ்டிக் பூசிய கம்பி, அதுதான் என் தேர்வு. செலோடேப் வேண்டவே வேண்டாம், பசை ஒட்டிக்கொண்டு போகாது.

மூடியைக் கீலிலிருந்து எடுத்து, மெல்லிய துணி சுற்றி, அப்புறம் பபிள் ராப். நேரடியாகச் சுற்றினால் குமிழ்த் தடம் பதியலாம்.

இப்போது பெட்டிக்குள் பெட்டி. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டு, கெட்டியான ஃபோம் வையுங்கள். கசக்கிய செய்தித்தாள் எடை தாங்காமல் அமுங்கிவிடும். ஒட்டும் முன் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வந்தால் பிரித்து மறுபடி அடைக்க வேண்டியதுதான். ‘கவனம், உடையும்’ ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை. தலைகீழாக விழும் என்று நினைத்தே கட்டுகிறேன்.

பின்சேர்க்கை: வால்வ் (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயருக்கும் இதே முறையா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வால்வுகளைச் சூடு ஆறியபின் உருவி, எது எந்தச் சாக்கெட் என்று எழுதி, தனிப் பெட்டியில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கம்தான் கனம். அந்தப் பக்கம் ஃபோம் இரட்டிப்பாக இருக்கட்டும்.