கரண்ட் இல்லாத வீட்டை ஓட்டுவது எப்படி: யாழ்ப்பாணக் கைப்பழக்கம்

1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கிய கையோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது, அப்புறம் வருடக்கணக்கில் வரவேயில்லை. கரண்ட் போனால் விளக்கேற்றலாமே என்பீர்கள். விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும், றேடியோவுக்குப் பற்றரி வேண்டும், இரண்டும் அரசு போட்ட பொருளாதாரத் தடையில் மாட்டிக்கொண்டன. அதனால் முதல் வேலை, எண்ணெய் குடிக்காத விளக்கு செய்வதுதான்.

ஒரு ஜாம் போத்தலைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுங்கள். கூடினால் வீண், கவிழ்ந்தால் ஆபத்து. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வால்வுக்கட்டையை வெட்டியெடுத்து அதற்குள் திரியை நுழைத்து, மெல்லிய கம்பியால் போத்தலுக்குள் தொங்கவிட்டால், திரியின் வால் பஞ்சில் படும், சுடர் கண்ணாடிக்கு உள்ளேயே நிற்கும், காற்றுக்கும் அணையாது. வெளிச்சம் கொஞ்சம்தான். நாலு பிள்ளைகள் அதைச் சுற்றியிருந்து படித்தோம், மூக்குக்குள் கரிதான் மிச்சம்.

செய்திக்கு சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். டைனமோ 6 வோல்ட், நாலு பற்றரி போடும் றேடியோவுக்குச் சரியாக வரும். ஆனால் டைனமோ தருவது ஏசி, நடுவில் டயோடு வைக்காமல் கொடுத்தால் றேடியோ போய்விடும். ஒரே வேகத்தில் பெடலைச் சுற்ற வேண்டும், கை சோர்ந்தால் பிபிசி வானொலியின் தமிழோசையும் சோர்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டலாம், ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல். புகை தள்ளும், பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். வேறு வழியில்லாவிட்டால் மட்டும்.

தண்ணீர் எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை, கிணறும் கப்பியும் இருந்தன. கரண்ட் பம்பு ஏற்றும் தண்ணீரை நம்பி வாழும் நகரத்தில் கரண்டோடு குழாயும் நின்றுவிடும், 2022 அக்டோபரில் ரஷ்யா மின்நிலையங்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு உக்ரைன் தலைநகர் கீவ் மக்கள் பட்டது அதுதான். அங்கே பாத்திரங்களை நிரப்பி வைப்பது விளக்கைவிட முக்கியம்.

இன்சுலின் போன்ற மருந்து இருந்தால், ஒரு மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி நனைத்து, மருந்தைச் சின்னப் பானைக்குள் வைத்து, மணலின் ஈரம் காயாமல் பாருங்கள். ஃபிரிட்ஜுக்கு ஈடில்லை, வெயிலுக்குப் பரவாயில்லை.

விளக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சிரட்டை இருக்கட்டும். விமானச் சத்தம் கேட்டதும் ஊதிக்கொண்டு நிற்காமல் போத்தல் வாயை அதால் மூடிவிட்டு பங்கருக்குள் இறங்குங்கள்.