கரை போடும் முன் கலிங்கைப் பாருங்கள்: பண்ணை அணை கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்துக்குள் ஓடும் ஓடையை மறித்து ஒரு மண் அணை போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்வளவு தண்ணீர் நிற்கும்?" என்பதைத்தான். நிறைந்த பிறகு வருகிற தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்பவர்கள் குறைவு. மண் அணைகள் உடைவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பவை இரண்டு. ஒன்று, கரைக்கு மேலாகத் தண்ணீர் ஏறி வழிவது. மற்றொன்று, கரைக்குள்ளேயே தண்ணீர் வழி பிடித்து மண்ணை அரித்துக்கொண்டு போவது. இரண்டுமே தண்ணீர் வெளியேறும் விதத்தைப் பற்றியவை. அதனால் வரைபடம் போடுகிறவர் முதல் கோட்டை மிகுதித் தண்ணீர் வழிந்து போகும் பாதையான கலிங்குக்காகப் போட வேண்டும் என்பது என் கருத்து. கரை அதற்கு அப்புறம்.

1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்ணை அணையோடு ஒப்பிட்டால் அது பெரிய அணைதான். ஆனால் அங்கே நடந்த தவறுகள் எல்லாம் சின்ன அணைகளில் இன்றும் நடப்பவை. வண்டி போக வேண்டும் என்று கரையின் உச்சியை வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்கள் முன்பே எடுக்கப்பட்டிருந்தன. யாரும் திரும்பப் பதிக்கவில்லை. வளர்த்த மீன்கள் தப்பிவிடக் கூடாது என்று கலிங்கின் குறுக்கே கம்பி வலை போட்டிருந்தார்கள். பெருமழையில் கிளையும் சருகும் வந்து வலையை அடைத்தன. தண்ணீர் கரை மேல் ஏறியது. மண் கரைக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அதன் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

கலிங்கில் வலை கட்டுவது, மீன் போகாமல் கல் அடுக்குவது, கோடைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று மணல் மூட்டை வைத்து மட்டத்தை உயர்த்துவது: மூன்றும் ஒரே தவறுதான். தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்றால் குளத்தின் உள்ளே ஆழப்படுத்துங்கள். கலிங்கின் வாயில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கலிங்கின் அகலத்தைக் கண்ணால் அளப்பது

"பத்தடி விட்டால் போதும்" என்று பொக்லைன் ஓட்டுபவர் சொன்னதை வைத்து வெட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை. உங்கள் அணைக்குத் தண்ணீர் வடிந்து வரும் பரப்பு 20 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டுகிறது, அதில் பாதி மண்ணில் இறங்காமல் ஓடி வருகிறது. அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் வருவது 6,000 கன மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 1,700 லிட்டர்.

இப்போது கலிங்கின் பக்கம் வாருங்கள். மட்டமான, அகலமான கலிங்கின் மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால், ஒவ்வொரு மீட்டர் அகலத்திலும் நொடிக்கு 280 லிட்டர் அளவுக்குப் போகும். 1,700 லிட்டருக்கு 6 மீட்டர் அகலம் வேண்டும். பத்தடி என்பது 3 மீட்டர்தான். மீதித் தண்ணீர் எங்கே போகும்? மட்டம் மேலும் ஏறும், கரையின் உச்சியைத் தேடும்.

அதே தண்ணீரை 15 சென்டிமீட்டர் உயரத்திலேயே அனுப்ப வேண்டுமென்றால் அகலம் 17 மீட்டர் ஆகிவிடும். இடம் இருப்பவர்கள் தயங்காமல் அகலமாக வெட்டலாம். மெல்லிய படலமாக ஓடும் தண்ணீருக்கு மண்ணைப் பிடுங்கும் வலு குறைவு.

கலிங்குக்குப் பதில் கரைக்குள் ஒரு குழாய் வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் நிறைந்து, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 140 லிட்டர்தான் போகும். ஒரு கிளை குறுக்கே மாட்டினால் அதுவும் இல்லை. குழாய்க்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் ஊறி வரும் சிறிய ஓட்டத்தைக் கலிங்கு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்த குழாய் எடுத்துக்கொண்டால், கலிங்கில் இருக்கும் புல் அழுகாமல் உயிரோடு இருக்கும். வெள்ளத்துக்குக் கலிங்கு, கசிவோட்டத்துக்குக் குழாய் என்று இரண்டையும் வைப்பது நல்லது.

இந்தக் கணக்கில் மழையின் அளவை உங்கள் பகுதியின் நீண்டகாலப் பதிவிலிருந்து எடுங்கள், நினைவில் இருக்கும் பெரிய மழையிலிருந்து எடுக்காதீர்கள். கீழே வீடோ சாலையோ இருந்தால், கரை உயரமாக வருவதாக இருந்தால், ஒரு பொறியாளரிடம் காட்டாமல் தொடங்கவே வேண்டாம். ஓடையை மறிக்க அனுமதி தேவையா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

இடமும் வாலும்

கலிங்கைக் கரையின் மேலேயே, கொட்டிய மண்ணில் அமைப்பது பெரிய தவறு. கரை ஒரு ஓரத்தில் முடிகிற இடத்தைத் தாண்டி, அசையாத இயற்கைத் தரையில் வெட்ட வேண்டும். வழியும் இடம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு முனை நாலு விரல் தாழ்ந்திருந்தால் போதும், தண்ணீர் முழுக்க அங்கேயே குவிந்து ஒரு வாய்க்காலை அறுத்துவிடும். இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ரசமட்டக் குழாயாவது வேண்டும்.

அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது கலிங்கின் வால், அதாவது தண்ணீர் இறங்கிப்போய் ஓடையைச் சேரும் இடம். ஒரு கலிங்கின் வாலில் நான் பார்த்தது இது. முதல் மழை முடிந்தபோது, ஓடைக்குச் சற்று மேலே புல் கிழிந்து கணுக்கால் உயரத்துக்கு ஒரு படி விழுந்திருந்தது. பார்த்தால் ஒன்றுமில்லாதது போல் இருக்கும். படியிலிருந்து விழும் தண்ணீர் அதன் அடியைக் குடைந்தது, மேலே இருந்த மண் புல்லோடு பாளமாகச் சரிந்தது, படி ஓரடி பின்னால் நகர்ந்தது. மறுபடி குடைந்தது, மறுபடி சரிந்தது. பருவம் முடிவதற்குள் அந்தப் படி இடுப்பளவு ஆழமாகி, கலிங்கின் வாயை நோக்கிப் பாதி தூரம் ஏறி வந்திருந்தது. அரிப்பு மேலிருந்து கீழே போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த வகை அரிப்பு கீழிருந்து மேலே ஏறும். அது கலிங்கின் வாயைத் தொட்டால் குளம் அந்த வழியாகவே காலியாகிவிடும்.

கணுக்கால் உயரத்தில் இருக்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும். அந்தப் படியைச் சரிவாகச் செதுக்கி, அடியில் வடிதுணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, மேலே கோணல்மாணலான உடைகற்களை அடுக்க வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டோடிவிடும். துணி இல்லாமல் கல்லை மட்டும் கொட்டினால் கல்லுக்கு இடையே மண் உறிஞ்சப்பட்டு, கற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும். சிமென்ட் பூசி மூடுவதும் நிற்காது. அடியில் மண் போன பிறகு பலகை போல உடைந்து விழும். இன்னொன்று, வால் திரும்பிக் கரையின் அடிவாரத்துக்கு வரக் கூடாது. வளைந்து வருவது போல் தெரிந்தால், நடுவில் ஒரு சின்ன மண்வரப்பு போட்டுத் தள்ளி அனுப்புங்கள்.

கலிங்கு முழுவதும் தரையோடு படர்ந்து வேர்பிடிக்கும் புல் வேண்டும். கொத்துக் கொத்தாக வளரும் புல்லின் இடைவெளிகளில் தண்ணீர் வேகம் பிடிக்கும். மழைக்கு ஒரு வாரம் முன்னால் விதை தூவிவிட்டுக் காத்திருப்பதில் பயன் இல்லை. புல் பிடிப்பதற்குக் காலம் கொடுத்து, அதற்கேற்ப மண்வேலையை முன்கூட்டியே முடியுங்கள்.

கரையில் நடக்கும் தவறுகள்

புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை அப்படியே விட்டு, அதன் மேல் கரையைக் கொட்டுவது முதல் தவறு. வேர் மக்கினால் கரைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கசிவுப் பாதை தயாராகிவிடும். மேல்மண்ணை வழித்து ஒதுக்கிவையுங்கள், கடைசியில் வெளிச்சரிவில் போர்த்திப் புல் வளர்க்க அதுதான் உதவும். கரையின் நடுக்கோட்டில், தண்ணீர் இறங்காத இறுக்கமான மண்ணைத் தொடும்வரை அகழி தோண்டி, களிமண்ணால் நிரப்பி இறுக்குங்கள். அகழி இல்லாத கரையில் தண்ணீர் அடிவழியாக நழுவிக்கொண்டே இருக்கும்.

எந்தக் களிமண்ணும் உதவும் என்று நம்பிவிட வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைநீர் எடுத்து, பட்டாணி அளவுக்கு ஒரு காய்ந்த மண்கட்டியை மெதுவாகப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் ஆட்டாமல் வையுங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகக் கிடந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயம் குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தது போல் மேகம் படர்ந்தால் அது சோடியம் மிகுந்த, தண்ணீரில் கரைந்தோடும் களி. அந்த மண்ணில் போட்ட கரை உள்ளுக்குள்ளேயே அரித்துத் துளை விழும். ஜிப்சம் கலந்து அதைச் சரிப்படுத்த முடியும். எவ்வளவு கலப்பது என்பதைப் பரிசோதனைக் கூடம் சொல்லட்டும். போர் தண்ணீரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அதில் இருக்கும் உப்பு மேகத்தை மறைத்துவிடும்.

அடுத்தது இறுக்கம். புல்டோசர் பத்துமுறை மேலே ஏறி இறங்கிவிட்டது, கரை கெட்டியாகிவிட்டது என்பார்கள். புல்டோசரின் சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பி விடுவதற்காகவே செய்யப்பட்டது. மண்ணை ஆழமாக இறுக்குவது அதன் வேலை இல்லை. 15 முதல் 20 சென்டிமீட்டர் வரையான அடுக்காகப் பரப்பி, உருளையெங்கும் ஆட்டுக்குளம்பு போல முட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரோலரை ஓட்ட வேண்டும். மண்ணின் ஈரமும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் பென்சில் பருமனுக்கு உருட்டுங்கள். உதிர்ந்தால் ஈரம் போதாது, கையில் அப்பினால் அதிகம்.

எவ்வளவு இறுக்கினாலும் கரை 5 முதல் 10 சதவீதம் வரை அமரும். உயரம் அதிகமுள்ள நடுப்பகுதிதான் அதிகம் அமரும். உச்சியை மட்டமாக விட்டால் சில மாதங்களில் நடுவில் பள்ளம் விழுந்து, வெள்ளம் ஏறும் இடம் கரையின் மிக ஆழமான பகுதியாகவே அமைந்துவிடும். 4 மீட்டர் கரைக்கு நடுவில் 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை கூட்டிப் போடுங்கள். அமர்ந்த பிறகும் கலிங்கு மட்டத்துக்கும் உச்சிக்கும் நடுவே 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும்: 30 தண்ணீர் வழிய, 60 அலைக்கும் எதிர்பாராத மழைக்கும்.

சரிவில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சரிவு உள்பக்கம் மூன்று மீட்டர், வெளிப்பக்கம் இரண்டரை மீட்டர் கிடையாக நீண்டால், 3 மீட்டர் உச்சி அகலமுள்ள 4 மீட்டர் கரைக்கு அடி அகலம் 25 மீட்டர் வரும். மலைப்பாகத்தான் இருக்கும். மண் போதாது என்றால் உயரத்தைக் குறையுங்கள்.

கரைக்குள் குழாய் பதித்தால், சுற்றியுள்ள மண்ணைக் கைத்திமிசால் மெல்லிய அடுக்குகளாக இடித்து இறுக்க வேண்டும். குழாயின் அடிவயிற்றில்தான் எப்போதும் இடைவெளி விழும். குழாயை ஒட்டி வரும் கசிவைப் பிடித்துவிட, வெளிப்பக்கப் பாதியில் அதைச் சுற்றி மணல் வடிகட்டி வைப்பது இப்போதைய நல்ல வழக்கம்.

நிறைந்த பிறகு

கரை மேல் மரம் வைக்காதீர்கள். மரம் பட்டுப்போனால் வேர் இருந்த இடமெல்லாம் சுரங்கம். மாடுகள் ஏறி இறங்கும் தடமும் அடுத்த மழையில் வாய்க்காலாகும்; வேலி போட்டு, தண்ணீரை வெளியே தொட்டிக்குக் கொண்டுவருவது நல்லது. எலி, நண்டு வளைகளைக் கண்டதும் தோண்டித் திறந்து, களிமண் வைத்து இடித்து மூடுங்கள்.

கரையின் வெளி அடிவாரத்தில் ஈரம் தெரிந்தாலே பதற வேண்டியதில்லை. மண் கரை கொஞ்சம் கசியும். அந்த நீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் குறித்துவைத்துத் தொடர்ந்து கவனியுங்கள். கலங்கி வந்தால் கரையின் உள்மண் வெளியே வருகிறது என்று பொருள். 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் அணை முதல் நிரப்பின்போதே இப்படித்தான் போனது. காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது. துளையை அடைக்க மண் தள்ளப் போன புல்டோசர்களே உள்ளே விழுந்தன. நண்பகலுக்குள் கரை திறந்துகொண்டது.

அதனால் கலங்கிய நீரைக் கண்டால் வெளிப்பக்கத் துளையில் களிமண்ணை அடைக்காதீர்கள். தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழியைத் தேடும். ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கல் என்று வைத்தால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். அதுவும் ஊற்று சிறிதாக இருக்கும்போது மட்டும்தான். வேகமாகப் பெருகினால் கரைப் பக்கமே யாரும் நிற்கக் கூடாது. முதலில் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லி அவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள். மதகை எட்டி நின்று திறக்க முடியுமானால் மட்டும் திறந்து மட்டத்தைக் குறையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே அந்த வீடுகளின் தொலைபேசி எண்களை எழுதி, வாசல் பக்கம் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.