வடசென்னை மாடித் தோட்டம்: பருவம் பார்க்காமல் செய்யும் தவறுகள்

கோடையில் செடி கருகினால் வெயிலைத்தான் திட்டுகிறோம். வடசென்னையில் அதில் பாதிப் பழி தண்ணீருக்குப் போக வேண்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். சித்திரை வந்ததும் அதையே இரண்டு வேளையாக ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கத்தரி இலையின் நடுப்பகுதி பச்சையாக இருக்க ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

செடி வாடுகிறதே என்று அந்த நேரத்தில் உரம் போடுவதுதான் பெரிய தவறு. ரசாயன உரமும் உப்புதான், பாரம் இன்னும் கூடும். மேலே படிந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெட்ரோ வாட்டர் வரும் நாளில் அடித்துளை வழியாக நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். அரை டம்ளர், ஒரு டம்ளர் என்று தெளித்தால் உப்பு இறங்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தும் ஊற்றலாம், அதில் உப்பு இல்லை. ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அக்னி நட்சத்திரத்தில் தக்காளிப் பூ கொட்டினால் பதறாதீர்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. எந்த டானிக்கும் அதைச் சரிசெய்யாது. நிழல்வலை கட்டி, செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும். அந்த மாதங்களில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் மாடிக்கும் பொருந்தும். ஆடியில் நாற்று விட்ட மிளகாயும் கத்தரியும் ஐப்பசி மழைக்குள் தண்டு தடித்து நிற்கும். பலர் மழை வரட்டும் என்று காத்திருந்து அக்டோபர் கடைசியில் விதைக்கிறார்கள். கீரை விதை அடித்துக்கொண்டு போகும், பிஞ்சு நாற்று அழுகும்.

மழைக்காலத்துத் தவறுகள் சின்னவை, நஷ்டம் பெரிது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டை எடுக்காமல் விட்டால் வேர் இரண்டே நாளில் மூச்சுத் திணறும். குரோ பேக்கைத் தரையோடு ஒட்டி வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள், மொட்டை மாடி வடிகுழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெருமழைக்கு முந்தின நாள் போட்ட உரம் சாக்கடைக்குத்தான் போகும். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேலிருக்கும் தொட்டிகளை உடனே கீழே இறக்குங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்த காற்றைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அப்புறம், வளர்ந்த செடிகளை மழையில் நனைய விடுங்கள். வடிகால் சரியாக இருந்தால், கோடை முழுக்கச் சேர்ந்த உப்பை அந்த மழையே கழுவி இறக்கிவிடும்.

மார்கழியில் தண்ணீரைக் குறைக்க மறந்துவிடுகிறோம். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். ஊற்றுவதானால் காலையில், வேரடியில் மட்டும். பூசணி, வெண்டை இலையில் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் தெரிந்தால் அந்த இலைகளை அன்றே கிள்ளி, உரக்குழியில் போடாமல் வெளியே கொட்டிவிடுங்கள்.