ரத்தம் கொட்டும் நேரத்துக்கென ஒரு பை

மருத்துவமனை அவசரப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தேன். இப்போது பட்டறைகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு முதலுதவி சொல்லித் தருகிறேன். வகுப்பு தொடங்கும் முன் அங்கே இருக்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். தலைவலி மாத்திரை, பஞ்சு, பிளாஸ்டர், பாதி காலியான மருந்து பாட்டில். "சரி, அந்த மெஷினில் ஒருவருடைய கை மாட்டிக்கொண்டால் இதில் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்பேன். பதில் வராது.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடையிலோ மேல்கையிலோ பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில்தான் இருக்கின்றன. அதனால் பெரிய காயத்துக்கான பையைத் தனியாக வையுங்கள். மாத்திரையும் பிளாஸ்டரும் அதற்குள் வரவே கூடாது. பதற்றத்தில் துழாவும் கைக்கு அவை இடைஞ்சல்.

பையில் அதிகம் வேண்டாம். டூர்னிகே (கையையோ காலையோ இறுக்கி ரத்தத்தை நிறுத்தும், திருகு குச்சி வைத்த பட்டை) இரண்டு, காயத்துக்குள் திணிக்கக் காஸ் துணிச் சுருள்கள், அழுத்திக் கட்டும் எலாஸ்டிக் பேண்டேஜ், மார்புக் காயத்தை ஒட்டி மூட செஸ்ட் சீல் இரண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், நைட்ரைல் கையுறை இரண்டு மூன்று ஜோடி, உடல் சூட்டைக் காக்கும் பளபளப்பான போர்வை, அழியாத மை பேனா. ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஏற்றிய காஸ் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சாதாரண காஸ் போதும். டூர்னிகேயில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மலிவான போலிகளில் திருகும் குச்சி முறுக்கும்போதே வளைந்து உடைந்துவிடும். அது உடையும் நேரம் வேறு ஒன்றை வாங்கி வரும் நேரம் இல்லை.

எந்தப் பொருள் முதலில் தேவையோ அது மேலே இருக்கட்டும். கையுறையும் டூர்னிகேயும் பையைத் திறந்ததும் கையில் தட்டுப்பட வேண்டும். அடுத்து காஸ், பேண்டேஜ், கத்தரிக்கோல். போர்வை அடியில் கிடக்கலாம். டூர்னிகே சுற்றிவரும் பிளாஸ்டிக் உறையை இப்போதே பிரித்து, பட்டையைப் பெரிய வளையமாக விரித்து மடித்து வையுங்கள். ரத்தத்தில் வழுக்கும் விரல்களால் அந்த உறையைக் கிழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கிழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, விபத்து நடந்துவிட்டது. முதலில் உங்கள் பாதுகாப்பு: மெஷினை நிறுத்துங்கள், மின்சாரத்தைத் துண்டியுங்கள். கூட்டத்தைப் பார்த்து "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தினால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீங்க கூப்பிடுங்க, பேசிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டு துணியை வெட்டிக் காயத்தைப் பாருங்கள். ரத்தம் பீய்ச்சுகிறதா, தரையில் குட்டையாகத் தேங்குகிறதா, அடிபட்டவர் குழப்பமாகப் பேசுகிறாரா? ஒன்று இருந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு. யோசிக்கும் நேரத்திலும் ஒரு கை காயத்தை அழுத்திக்கொண்டே இருக்கட்டும்.

காயம் கையிலோ காலிலோ இருந்தால் டூர்னிகே. காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, அதாவது உடல் பக்கமாகக் கட்டுங்கள். முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் கட்டக் கூடாது, மூட்டைத் தாண்டி மேலே போய்விடுங்கள். காயம் எங்கே என்றே தெரியவில்லையா? உடைக்கு மேலேயே கையின் அல்லது காலின் உச்சியில் கட்டுங்கள், ஆனால் பாக்கெட்டில் சாவி, போன் இருந்தால் எடுத்துவிடுங்கள். முதலில் பட்டையை இழுக்க முடிந்தவரை இழுத்து ஒட்டுங்கள். பட்டை தளர்வாக இருந்தால் குச்சியை எத்தனை சுற்று சுற்றினாலும் ரத்தம் நிற்காது. அப்புறம் குச்சியைத் திருகி, ரத்தம் நின்றதும் கொக்கியில் மாட்டுங்கள். மணிக்கட்டில் அல்லது பாதத்தில் நாடி தட்டுப்படக் கூடாது. இன்னும் கசிந்தால், முதலாவதைக் கழற்றாமல் அதற்குச் சற்று மேலே இரண்டாவதைக் கட்டுங்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள்.

வலிக்கும். கட்டப்பட்டவர் கதறுவார், கழற்றச் சொல்லிக் கெஞ்சுவார். வலிப்பதால் தப்பாகக் கட்டிவிட்டோம் என்று நினைக்காதீர்கள், தளர்த்தவும் தளர்த்தாதீர்கள். டூர்னிகே கட்டினால் கையைக் காலை எடுக்க வேண்டிவரும் என்ற பழைய பயம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. 2 மணி நேரம் வரை கட்டியிருப்பதைப் பொதுவாகப் பாதுகாப்பானதாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள். இராக் போரில் காயம்பட்டவர்களைப் பற்றி ராணுவ மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. ரத்த இழப்பால் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன் டூர்னிகே கட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள், அந்த நிலைக்குப் போன பின் கட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர்தான். தயங்குபவர்களிடம் நான் சொல்வது இந்த இரண்டு எண்களைத்தான். கயிறு, ஒயர், ஷூ லேஸ் போன்ற மெல்லியவற்றால் கட்ட வேண்டாம். அவை சதையை அறுக்கும், தமனியை அடைக்காது.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்தடி ஆகிய இடங்களில் டூர்னிகே கட்ட வழியில்லை. அங்கே காஸைத் திணிக்க வேண்டும். ரத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்த ஆழத்துக்கு விரலை விட்டு, காஸை அடியிலிருந்து மேல்வரை இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொண்டு வாருங்கள். நிறைந்ததும் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உங்கள் உடல் எடையோடு அழுத்துங்கள். மருந்து ஏற்றிய காஸ் என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம். நடுவில் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், உறைய ஆரம்பித்தது கலைந்துவிடும். பிறகு அதன் மேல் பேண்டேஜை இறுக்கிக் கட்டுங்கள். மார்பிலும் வயிற்றிலும் காஸைத் திணிக்கவே கூடாது.

மார்பில் துளை விழுந்திருந்தால் சுற்றிலும் துடைத்துவிட்டு செஸ்ட் சீல் ஒட்டுங்கள். முதுகுப் பக்கமும் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒட்டிய பிறகு மூச்சுத் திணறல் கூடினால் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காற்றை வெளியேறவிட்டு மறுபடி ஒட்டுங்கள். கத்தியோ கம்பியோ உடலில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்து அணைகட்டுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

ரத்தம் நின்றதும் போர்வை. வெயில் காலத்திலும் போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் திறன் குறைகிறது. ஈரத் துணியை நீக்கி, உடலுக்கு அடியிலும் போர்வை போகும்படி சுற்றுங்கள். அவரோடு பேசிக்கொண்டே இருங்கள், பதில் தடுமாறினால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்புங்கள். காஸ், செஸ்ட் சீல் உறைகளில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி மிச்சம் இருந்தாலும் உறையில் ஓட்டையோ ஈரமோ இருந்தால் அதை மாற்ற வேண்டும். சூட்டில் கையுறை பிசுபிசுத்துக் கிழியும், செஸ்ட் சீலின் பசை கெடும். காருக்குள் வைத்திருந்தால் இன்னும் அடிக்கடி பாருங்கள். டூர்னிகே பட்டை வெயில் பட்டு நிறம் வெளுத்திருந்தால் அதைப் பழகுவதற்கு ஒதுக்கிவிடுங்கள். பழக வேறு, பையில் நிஜத்துக்கு வேறு என்று தனித்தனியாக இருப்பதே சரி. ஒரு கையால், இருட்டில், உங்கள் காலிலேயே கட்டிப் பழகுங்கள்.

பையைப் பூட்டி வைக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்பது அங்கே புழங்கும் எல்லோருக்கும் தெரியட்டும். பயன்படுத்திய பொருளை அன்றைக்கே வாங்கி நிரப்புங்கள். கத்தரிக்கோலைச் சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே வையுங்கள்.