ஊசியிலை ஃபெஸ்டுகா: இலையை வெட்டிப் பார்த்து இனம் பிரிப்பது

ஊசிபோல் மடிந்த இலைகொண்ட ஃபெஸ்டுகா புற்களுக்கு வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கதிரின் நீளம், சிறுகதிரின் அளவு எல்லாம் ஓர் இனத்துக்கும் அடுத்ததற்கும் கலந்தே கிடக்கும். இலையைக் குறுக்கே வெட்டினால்தான் விஷயம் பிடிபடும். ஆஸ்திரியத் தாவரவியலாளர் எடுவர்ட் ஹாக்கெல் 1882-லேயே ஐரோப்பிய ஃபெஸ்டுகாக்களை இப்படித்தான் பிரித்தார்.

எந்த இலையை எடுக்கிறோம் என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். பூக்காத தூரில் முழுதாக வளர்ந்த இலை வேண்டும். பூந்தண்டின் இலையை விட்டுவிடுங்கள். வெட்டும் இடம் இலைத்தாளின் நடுப்பகுதி. நுனிக்குப் போகப்போகக் குழாய்க் கற்றைகள் (நீரும் உணவும் ஓடும் நரம்புகள்) குறைந்துகொண்டே வரும், ஒப்பிடவே முடியாது. உலர்ந்த மாதிரி என்றால், ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்ட வெந்நீரில் ஊறவிடுங்கள்.

கேரட் துண்டைக் கீறி, இலையைச் செருகி, நனைத்த புது பிளேடால் இழுத்துச் சீவுங்கள். அழுத்தினால் நசுங்கும். தாராளமாகச் சீவினால் மெல்லியதாக இரண்டு மூன்றாவது தேறும். 0.05 சதவீத டொலுயிடின் புளூ சாயத்தில் ஒரு நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, கவர்ஸ்லிப் போட்டு, நுண்ணோக்கியில் பாருங்கள். லிக்னின் ஏறிக் கெட்டிப்பட்ட செல் சுவர்கள் நீலப்பச்சையாகவும் மற்றவை ஊதாவாகவும் தெரியும்.

இப்போது வெளிப்புறத் தோலுக்கு அடியில் ஸ்கிளிரன்கைமா (இலைக்கு விறைப்புத் தரும் தடித்த சுவர்த் திசு) எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவினா, ரூப்ரா, வலேசியாக்கா என்ற மூன்று ஃபெஸ்டுகா இனங்களை எடுத்துக்கொள்வோம். ஒவினாவில் அது ஒரே பட்டையாக ஓடும். ரூப்ராவில் ஒவ்வொரு நரம்புக்கும் எதிரே சின்னச் சின்னத் திட்டு. வலேசியாக்காவில் நடுநரம்பில் ஒன்று, இரு விளிம்பிலும் ஒவ்வொன்று என்று மூன்று தடித்த திட்டுகள். அமைப்பைத்தான் பார்க்க வேண்டும், தடிமனை அல்ல. வெயிலும் வறட்சியும் தடிமனை மாற்றிவிடும்.

ஒவினாவின் பட்டை சில செடிகளில் அங்கங்கே அறுந்திருக்கும். உடனே ரூப்ரா என்று எழுதிவிடாதீர்கள். இளம் தூரின் இலையுறையைப் பாருங்கள்: ரூப்ராவில் குழாயாக மூடியிருக்கும், ஒவினாவில் பெரும்பகுதி திறந்திருக்கும்.

இலைத்தோல் செல்களில் படியும் சிலிக்கா உடல்களையும் பார்க்கலாமே என்பார்கள். துணைக்குடும்பம் பிரிக்க அது அருமையான அடையாளம், இந்த நெருங்கிய சொந்தங்களுக்குள் பெரிதாக உதவாது.

ஒரே இடத்தில் பல செடிகளை வெட்டுங்கள். பென்சிலால் வரைந்து, எந்தத் தூர், எந்த இலை, எந்த இடம் என்று பக்கத்திலேயே குறியுங்கள். அப்புறமும் பிடிபடாததை 'ஒவினா குழு' என்று எழுதி வைத்துவிட்டு, குரோமோசோம் எண்ணப் போக வேண்டியதுதான்.