பீர் ஆலை வேலை போனால் பீர் தொழிலையே விட வேண்டாம்

அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய ஆங்கர் பீர் ஆலையே 2023-இல் மூடப்பட்டது, அதனால் ஆட்குறைப்பை உங்கள் திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பயோடேட்டா. "பீர் காய்ச்சினேன்" என்று மட்டும் போடாமல், ஈஸ்ட் செல்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணியது, தொட்டிகளைக் காஸ்டிக் விட்டுக் கழுவியது, கேனுக்குள் புகுந்த ஆக்சிஜனை அளந்தது என்று பிரித்து எழுதுங்கள். ஈஸ்ட் ஆய்வகத்துக்கும் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) விற்கும் வியாபாரிக்கும், வாங்குபவரின் ஆலையில் எங்கே தவறு நடக்கும் என்று தெரிந்த ஆள்தான் பயன்படுவார்.

அப்புறம் விநியோகம். 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தபின் தயாரிப்பவர், விநியோகிப்பவர், சில்லறையில் விற்பவர் என்று மூன்றடுக்கு முறை வந்தது. ஓர் ஆலை மூடினாலும் நடு அடுக்கில் இருப்பவர் மற்ற பிராண்டுகளை விற்றுக்கொண்டுதான் இருப்பார், என் கணிப்பில் காய்ச்சத் தெரிந்தவர்கள் தேவையில்லாமல் ஒதுக்கும் இடம் இதுதான். விற்பனைக்குப் போக, பீர் பற்றிய அறிவைச் சோதித்துத் தரும் சிசெரோன் சான்றிதழ் உதவும், அதன் முதல் நிலைத் தேர்வை இணையத்திலேயே எழுதலாம். அடுத்த நிலையில் சுவைத்துப் பார்க்கும் தேர்வும் உண்டு, பீர் நொதிக்கும்போது உண்டாகும் டயாசெட்டில் என்ற சேர்மத்தின் வெண்ணெய் வாடையைத் தினமும் தேடிப் பழகிய உங்களுக்கு அது பெரிய பாரமாக இருக்காது.

சரி, உங்களுக்கு மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் விற்ற பிரதிநிதிகளை இந்த வாரமே கூப்பிடுங்கள். பல ஆலைகளுக்குள் போய்வருபவர்கள் அவர்கள், எங்கே ஆள் தேவை என்பது விளம்பரம் வருமுன்பே அவர்கள் காதில் விழும்.